மூப்பின் காரணந் தேடிய மேதை: சேர் பீற்றர் மெடவார்

பழைய மாணவர் ஒன்றுகூடும் நாள்களில் நிகழ்வதொன்றை இம்மலரைக் கையிலேந்தும் அன்பர் பலரும் கவனித்திருப்பர். மண்டபத்திலே தேவாரம் ஓதி, மறைந்த ஆசிரியர்களுக்கு அஞ்சலி செலுத்தி, பொதுக்கூட்ட அலுவல்களும் நிறைவெய்திய பின்னர், ஒரே வகுப்பிற் பயின்ற நால்வர் உணவுப் பந்தியில் அருகருகே அமருவர். முன்னொரு காலத்தில் அவர்களுடைய பேச்சுத் துடுப்பாட்டத்தைப் பற்றியதாக இருந்தது. பின்னர் உத்தியோகம், இடமாற்றம், பிள்ளைகளின் கல்யாணம் என்று வளர்ந்தது. இப்பொழுதோ ஒருவர் தமது சலரோகத்தையும், மற்றவர் குருதியமுக்கத்தையும், வேறொருவர் கண்ணிற் படர்ந்த வெண்படலத்தையும் எடுத்துரைக்க, நான்காமவர் பாயசம் வேண்டாமென்று கிண்ணத்தைக் கையால் மூடுகின்றார். இக்கட்டுரையை எழுதும் யானும் எழுபதைக் கடந்தவன். சட்டைப் பையில் இருவகைக் குளிசைகளுடன் பந்திக்குச் செல்பவன். ஆதலின் இதனைச் சொல்லி நகைத்தற்கு உரிமையுடையேன்.

இளமையில் நம்மை எட்டிப்பாராத இப்பிணிகள் நரை தோன்றியபின் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது ஏன்? ஊழ் என்பார் சிலர். இயற்கை தன் பிள்ளைகளுக்கு இடம் விடுதற்பொருட்டு முதியோரை அகற்றுகின்றது என்பார் சிலர். பழைய மோட்டார் வண்டி போல் உடம்பும் தேய்கின்றது என்பாரே பெரும்பான்மையோர். இவ்விடை எளிதாயினும் நிறைவுடையதன்று. மோட்டார் வண்டி தன் முறிந்த அச்சைத் தானே பொருத்திக் கொள்வதில்லை. உடம்போ முறிந்த எலும்பைப் பொருத்துகின்றது, கிழிந்த தோலை மூடுகின்றது, குருதியை நாள்தோறும் புதிதாக ஆக்குகின்றது. ஒரே கருவிலிருந்து முழு மனிதனைக் கட்டியெழுப்பும் ஆற்றலுடையது, கட்டியதைப் பேணமாட்டாமை வியப்பன்றோ? சுண்டெலி எவ்வளவு செல்லமாக வளர்க்கப்படினும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூத்துத் தளர்கின்றது. ஏறக்குறைய அதே பருமனுள்ள சிறு வௌவால்களுட் சில 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றன. தேய்வு ஒன்றே காரணமாயின் இவ்விரண்டும் இவ்வளவு வேறுபடுதல் கூடாது.

இவ்வினாவுக்கு இன்று உயிரியலார் ஏற்கும் விடையின் அடித்தளத்தை அமைத்தவருள் முதன்மையானவர் சேர் பீற்றர் பிறயன் மெடவார். உலகம் அவரை வேறொரு பணியாலேயே அறியும். ஒருவருடைய சிறுநீரகத்தையோ தோலையோ மற்றொருவர் உடம்பு ஏன் தள்ளுகின்றது என்பதை ஆராய்ந்து 1960 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். அவ்வாராய்ச்சியின் நிழலிலே, கைப்பணியாக அவர் செய்த மற்றைச் சிந்தனையே நமது பந்திப் பேச்சுக்கு உரியது. அவர் வாழ்வும் அச்சிந்தனையும் பின்னாளில் ஒன்றையொன்று சந்தித்த விதம் கருதியே இம்மலருக்கு அவர் வரலாற்றைத் தேர்ந்தேன்.

1915 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 28 ஆந் திகதி பிறேசில் நாட்டிலே மெடவார் பிறந்தார். தந்தையார் லெபனான் நாட்டவர்; வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அவர், உரிய வயதில் மால்பறோ என்னும் விடுதிப் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அந்நிய நாட்டுப் பெயரும் தோற்றமும் உடைய சிறுவனுக்கு அக்காலத்து ஆங்கில விடுதிப் பாடசாலை இனிய இடமாக இருக்கவில்லை. அங்கு கழித்த ஆண்டுகளை அவர் பிற்காலத்திலும் அன்போடு நினைவுகூர்ந்தாரல்லர். ஆயினும் லௌண்ட்ஸ் என்னும் உயிரியல் ஆசிரியர் ஒருவர் அங்கிருந்தார். அவர் ஊட்டிய ஆர்வமே மாணவனை ஒக்ஸ்போட் வரைக்கும் கொண்டு சென்றது. ஒரு பாடசாலை முழுவதும் கசந்த இடத்தும் ஓராசிரியர் ஒரு வாழ்வைத் திருப்பிவிடுதல் கூடும். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த எம்போன்றோர் இத்தகைய செய்திகளைச் சற்று ஆசையோடு வாசிப்பது இயல்பே.

1932 இல் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் மோட்லின் கல்லூரியிற் புகுந்து, விலங்கியலில் 1935 இல் முதல் வகுப்புச் சித்தி எய்தினார். பின்னர்ப் பெனிசிலினை மருந்தாக்கிப் புகழ்பெற்ற ஹவாட் புளோரியின் ஆய்வுகூடத்திலே பணி தொடங்கினார். கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வைப் பரிசோதகர் ஏற்றுக்கொண்ட பின்னரும், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த மனமின்றிப் பட்டத்தைப் பெறாமலே விட்டார் என்ப. பட்டத்தின் பின் எழுத்துகளைப் பெயரினும் நீளமாக எழுதும் வழக்கமுடைய நமக்கு இச்செய்தி சிறிது சிந்தனை தருவதாகும். 1937 இல் ஜீன் ரெய்லர் என்னும் உடன்மாணவியை மணந்தார். இவ்வம்மையார் இவ்வரலாற்றில் மீண்டும் வருவார்.

ஆறடி ஐந்தங்குல உயரம். துடுப்பாட்டத்திலும் மேனாட்டு இசைநாடகத்திலும் தீராத விருப்பம். கேட்போரைக் கட்டிப்போடும் பேச்சு. எழுதினால் ஒரு சொல்லும் மிகையாகாத நடை. இளமையில் அவர் தோற்றம் இத்தகையது.

இரண்டாம் உலகப் போர் அவருடைய ஆராய்ச்சியை ஒரு திசையிலே செலுத்தியது. ஒக்ஸ்போட்டில் அவர் குடும்பத்தோடு வீட்டுத் தோட்டத்தில் இருந்த வேளை, விமானமொன்று தாழப் பறந்து வந்து அயலிலே வீழ்ந்து எரிந்தது. பகைவர் விமானமென்று முதலில் அஞ்சினர், அஃது ஆங்கிலேயருடையதே. அதிலிருந்த வீரனொருவன் உடலின் பெரும்பகுதி வெந்தநிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். வெந்த பரப்பை மூடுதற்கு அவனிடத்தில் மிஞ்சியிருந்த தோல் போதாது. பிறர் தோலையிட்டால் சில நாள்களில் அஃது அழுகி உதிர்ந்துவிடும். இதற்கு வழியுண்டோ என்று மருத்துவர் இளம் விலங்கியலாரை அழைத்துக் கேட்டனர். அவரிடம் விடை இருக்கவில்லை. ஆனால் அவ்வினா அவரை விட்டு நீங்கவுமில்லை.

கிளாஸ்கோ நகரத்து மருத்துவமனைக்குச் சென்று, தோமஸ் கிப்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணருடன் கூடித் தீக்காயமுற்ற பெண்ணொருத்திக்கு அவளுடைய தோலையும் அவள் சகோதரனுடைய தோலையும் சிறு சிறு துண்டுகளாக ஒட்டி நோக்கினார். அவளுடைய தோல் வேரூன்றியது. சகோதரனுடையது சில நாள் வாழ்ந்து அழிந்தது. இரண்டாம் முறையும் அச்சகோதரனிடமிருந்தே தோல் எடுத்து ஒட்டியபொழுது, அது முன்னையினும் விரைவில் அழிந்தது. முன்னர்க் கண்ட பகைவனை உடம்பு நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். அம்மை நோய் கண்டவனை அந்நோய் மீண்டும் பற்றாதிருப்பதற்குக் காரணமான அதே நிர்ப்பீடனமே பிறர் தோலையும் தள்ளுகின்றது என்று 1943 இல் இருவரும் எழுதினர்.

போர் முடிந்தது. 1946 இல் மெடவார் முதுமையும் இயற்கை மரணமும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1947 இல் பேர்மிங்ஹாமிலே பேராசிரியரானார். 1951 இல் லண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியின் விலங்கியற் பேராசிரியர் பதவியை ஏற்றபொழுது, வழமைப்படி நிகழ்த்தவேண்டிய தொடக்க விரிவுரைக்குத் தோல் ஒட்டுதலை அவர் பொருளாகக் கொள்ளவில்லை. உயிரியலில் விடுவிக்கப்படாத பிரச்சினையென்று தலைப்பிட்டு, உயிர்கள் மூப்பது ஏன் என்பதையே எடுத்துக்கொண்டார். அது 1952 இல் சிறு நூலாக வெளிவந்தது. அவர் வாழ்நாளிலே எழுதியவற்றுள் மிக நீண்ட நிழல் தந்தது இச்சிறு நூலே என்பது அடியேன் கருத்து.

அவ்விரிவுரையின் சாரத்தைச் சற்று நின்று நோக்குவோம். அவருக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மனிய அறிஞர் வைஸ்மான் இதே வினாவை எழுப்பியிருந்தார். தேய்ந்து தளர்ந்த முதியோர் இனத்துக்குப் பாரமாவர். ஆதலின் அவர்களை நீக்கும் பொருட்டு மரணம் கூர்ப்பினால் உண்டாயிற்று என்பது வைஸ்மானின் தொடக்க விளக்கம். இது கேட்ட வினாவையே விடையாகத் திருப்பித் தருவது என்று மெடவார் காட்டினார். முதியோர் ஏன் தளர்கின்றனர் என்பதன்றோ வினா? தளர்ந்திருக்கின்றனர் என்று முதலிலேயே கொண்டுவிட்டால் விளக்குதற்கு எஞ்சுவது யாது?

பின்னர் அவர் ஓர் உவமையை முன்வைத்தார். ஆய்வுகூடமொன்றில் 1000 சோதனைக் குழாய்கள் உள்ளன. மாதந்தோறும் பத்திலொரு பங்கு கை தவறி உடைகின்றது. உடைந்தவற்றுக்கு ஈடாகப் புதியன வாங்கப்படுகின்றன. கண்ணாடி மூப்பதில்லை; ஐந்தாண்டு பழகிய குழாயும் நேற்று வாங்கிய குழாயும் உடைவதற்கு ஒரே வாய்ப்பே உடையன. ஆயினும் எந்நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் புதியவை மிகப் பலவாகவும் பழையவை மிகச் சிலவாகவுமே இருக்கும். (எமது விஞ்ஞான அறையில் உடைசற் கணக்கு எழுதிய பழைய மாணவர் இதற்குச் சான்று கூறுவர்; அங்கே உடைவு பத்திலொரு பங்கோடு நின்றதா என்பது வேறு வினா.) கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே நாளில் வாங்கிய 100 குழாய்களில் ஓராண்டின் பின் 28 எஞ்சும், ஈராண்டின் பின் 8, ஐந்தாண்டின் பின் ஒன்றுமே எஞ்சாதெனலாம். மூப்பு என்பது சிறிதுமில்லாத இடத்திலும், விபத்து ஒன்றினாலேயே முதியோர் அரியராகின்றனர்.

இனி அக்குழாய்களை உயிருள்ளனவாகவும், மாதந்தோறும் ஈன்று பெருகுவனவாகவும் கற்பனை செய்க. பிறந்த மறுமாதமே கொல்லும் குறையொன்று ஒரு குழாயின் பரம்பரை அலகில் தோன்றினால், அது சந்ததியின்றி அழியும். குறையும் அதனோடு அழியும். அதே குறை ஐந்தாண்டு கழிந்த பின்னரே வெளிப்படுவதாயின் நிகழ்வது யாது? அவ்வயதுவரை உடையாது எஞ்சுவன மிகச் சில. எஞ்சியவையும் தம் சந்ததியிற் பெரும்பகுதியை முன்னரே ஈன்றுவிட்டன. அக்குறையும் அச்சந்ததியிற் சென்று சேர்ந்துவிட்டது. இயற்கைத் தேர்வு என்னும் ஆசிரியர் விடைத்தாளைக் கையிலெடுக்கும் முன்னரே மாணவன் சித்தியெய்தி வீடு சென்றுவிட்டான். இவ்வாறு, இளமையில் தீங்கு செய்யும் அலகுகள் தலைமுறைதோறும் களையப்பட, பிந்திய வயதில் தீங்கு செய்வன களைவாரின்றித் தங்குகின்றன. வீட்டு முற்றத்தை நாள்தோறும் பெருக்குகின்றோம். குப்பை கோடிப்புறத்தில் ஒதுங்குகின்றது. மனித வாழ்வின் கோடிப்புறமே முதுமை.

இக்கருத்துக்கு வித்திட்டவர் ஒருவரையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பேராசிரியர் ஹோல்டேன் அதே லண்டன் கல்லூரியிற் பணியாற்றியவர். 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964 இல் புவனேஸ்வரத்திலே புற்றுநோயால் மறைந்தவர். அவர் 1941 இல் ஹன்ரிங்ரன் நோயை எடுத்துக்காட்டியிருந்தார். பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதனைப் பெறும் வாய்ப்பு இரண்டிலொன்று. உடலையும் மனத்தையும் சிறிது சிறிதாகச் சிதைத்துக் கொல்லும் அக்கொடிய நோய் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையிலேயே தலைகாட்டும். அதற்குள் நோயாளர் மணந்து மக்களையும் பெற்றிருப்பர். இத்துணைக் கொடிய அலகு மனிதரிடை அழியாது நிலைத்திருப்பதன் காரணம் அது காலந்தாழ்த்தி வருதலே என்று ஹோல்டேன் கண்டார். ஒரு நோய்க்கு அவர் கண்டதை மூப்பு முழுவதற்கும் விரித்தவர் மெடவார்.

மற்றோர் கருத்தையும் அவர் அவ்விரிவுரையிலே தொட்டுச் சென்றார். இளமையிற் சிறு நன்மையும் முதுமையிற் பெருந்தீமையும் செய்யும் அலகு ஒன்று இருப்பின், இயற்கைத் தேர்வு அதனை விலக்காதது மட்டுமன்று, விரும்பியும் ஏற்கும். கடன் இன்று கையிற் கிடைக்கின்றது. வட்டி கட்டும் நாளில் கடனாளி இருப்பானோ என்பது ஐயம். 1957 இல் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் இதனை விரிவாக வளர்த்தார். வளரும் எலும்பில் விரைவாகச் சுண்ணத்தைச் சேர்க்கும் ஓர் அலகு பிற்காலத்தில் நாடிகளின் சுவரிலும் சுண்ணத்தைப் படியச் செய்தல் கூடுமென்பது அவர் கற்பித்துக் காட்டிய உதாரணம். 1966 இல் ஹமில்ற்றன் இவற்றையெல்லாம் கணிதத்தில் வடித்தார். நமது பந்தியிலிருந்த நால்வருடைய பிணிகளும் இக்கண்கொண்டு பார்க்க வேறு தோற்றம் பெறுகின்றன. காயத்தில் நுழையும் கிருமியோடு போராடி இளைஞனைக் காக்கும் அழற்சியே, பல ஆண்டு நீடிக்கும்பொழுது நாடிச் சுவரைத் தடிக்கச் செய்வதிலும் பங்குகொள்கின்றது. கலங்கள் பிரிந்து பெருகும் ஆற்றலின்றிப் புண் ஆறாது. அவ்வாற்றல் கட்டுமீறுவதே புற்றுநோய். அதனை அடக்கிவைக்கும் காவல், மக்களைப் பெற்று வளர்க்கும் வயது வரைக்கும் விழிப்பாகவும் அதன்பின் அசட்டையாகவும் இருப்பது மேற்கூறிய கணக்கோடு பொருந்துவதே.

எல்லாவற்றையும் இக்கணக்கிலே எழுதிவிடுதல் தவறு என்பதையும் சொல்லவேண்டும். சலரோகத்தின் பெரும் பங்கு நமது சோற்றுக் கோப்பைக்கும், சாய்மனைக் கதிரைக்கும், சைக்கிளைக் கைவிட்ட கால்களுக்கும் உரியது. மேலும், மனித முதியோர் வெறும் எஞ்சிய குழாய்களல்லர். பேரப்பிள்ளைக்குச் சோறூட்டி, தாயை வயலுக்கு அனுப்பிய ஆச்சிமார் தம் குருதி வழியைத் தாமே காத்தவர்கள். நாம் பிற விலங்குகளினும் நெடுங்காலம் வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணமென்று கருதுவோர் உளர்.

விபத்துக் குறைந்த இடத்திலே மூப்பும் பிந்தவேண்டும் என்பது இக்கொள்கையின் விளைவு. பறந்து தப்பும் வௌவால், தரையிலோடி எல்லார்க்கும் இரையாகும் எலியினும் நெடுநாள் வாழ்வது இதனாலேயே. அமெரிக்காவின் கரையோரத்துச் சப்பெலோ என்னும் தீவிலே கொன்றுண்ணும் விலங்குகள் இல்லாமற் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த ஒப்போசம் என்னும் பைவிலங்குகள், பெருநிலத்து இனத்தவரினும் மெதுவாக மூப்பதை ஒஸ்ராட் என்பவர் ஆராய்ந்து 1993 இல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1984 இல், மைக்கல் றோஸ் என்பவர் பழ ஈக்களில் மூத்த வயதில் இடும் முட்டைகளையே தலைமுறைதோறும் தெரிந்து வளர்த்து, ஆயுள் நீண்ட ஈக்களை உண்டாக்கியிருந்தார். பிந்திய வயதையும் தேர்வுக்குரியதாக்கினால் அவ்வயதின் குறைகளும் களையப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நமது நாட்டிலே தாளிப்பனையை அறியாதார் இலர். அது பல்லாண்டு வளர்ந்து, ஒரே முறை வானளாவப் பூத்து, காய் முற்றியதும் பட்டுப்போகின்றது. தன் முழு முதலையும் ஒரே பூப்பில் செலவிட்டபின் பேணுதற்கு அதனிடம் எதுவுமில்லை.

மெடவாரின் முதற் கட்டுரை வெளிவந்த அதே 1946 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியாவை ஒழிக்கும் இயக்கம் விரிவடைந்தது. அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு வீழ்ந்தது. மருத்துவமனைகளும் தாய்சேய் நலமும் உணவு மானியமும் அதில் பங்குடையன. காய்ச்சலால் இளமையிலேயே உடைந்திருக்கவேண்டிய குழாய்கள் உடையாது எஞ்சின. எம் தலைமுறையிற் பலர் எழுபதையும் எண்பதையும் கண்டது இவ்வாறுதான். இதுவரை எவருங் காணாதிருந்த கோடிப்புறத்தில் கூட்டமாக வந்து குடியேறினோம். அங்கே என்னென்ன ஒதுங்கிக் கிடந்தன என்பதைப் பந்தியில் இருந்து பேசுகின்றோம்.

மெடவார் இவ்விதையை இட்டுவிட்டுத் தம் பழைய நிலத்துக்கே மீண்டார். ஒரு மாநாட்டிலே, இரட்டைக் கன்றுகள் ஒரு கருவினவோ இரு கருவினவோ என்று கண்டறிவது எவ்வாறு என ஒருவர் கேட்க, தோலை மாற்றி ஒட்டினாற் போதும் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். செய்து பார்த்தபொழுது, ஒன்றுக்கொன்று ஒவ்வாத கன்றுகளும் ஒட்டிய தோலை ஏற்றுக்கொண்டு அவரைத் திகைக்கச் செய்தன. தாயின் கருப்பையில் அவை குருதியைக் கலந்துகொண்டமையால் ஒன்றையொன்று அந்நியமாகக் கொள்ளவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதைப் பின்பற்றி பில்லிங்ஹாம், பிறென்ற் என்னும் இருவருடன் சுண்டெலிக் கருக்களிற் செய்த பரிசோதனை 1953 இல் வெளியாயிற்று. நிர்ப்பீடனத்தைப் பழக்கி அடக்கலாம் என்பது முதன்முதலாக நிறுவப்பட்டது. அவுஸ்திரேலியரான பேணெற்றுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். பரிசுத் தொகையிலும் தம் துணைவர் இருவருக்கும் பங்களித்தார். 1962 இல் மில் ஹில்லிலுள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளரானார். 1965 இல் சேர் பட்டம் பெற்றார்.

1969 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாடு எக்சீற்றர் நகரிலே கூடியது. மெடவார் அதன் தலைவர். விஞ்ஞானத்தால் மனித வாழ்வைச் செம்மைப்படுத்தலாம் என்னும் நம்பிக்கையைக் கைவிடுதல் கூடாது என்பதே அவருடைய தலைமையுரையின் பொருள். மாநாட்டையொட்டி நகரத்துப் பேராலயத்திலே வழிபாடு நடைபெற்றது. வேத பாடம் வாசிப்பது தலைவருக்குரிய மரபு. வாசித்துக்கொண்டிருக்கையிலே அவர் நா குழறியது. நெடிய உருவம் சாய்ந்தது. மூளையில் ஒரு நாடி வெடித்துக் குருதி பெருகியிருந்தது. அவருக்கு அப்பொழுது வயது 54. பிள்ளைகள் நால்வரும் வளர்ந்துவிட்டனர்.

அவர் வகுத்துரைத்த கணக்கில் அவரே ஓர் இலக்கமாக நின்ற நேரம் அது. உயிர் தப்பியது. ஒரு பக்கத்துக் கையும் காலும் அதன்பின் பழைய நிலைக்கு வரவில்லை; பார்வையும் குறைப்பட்டது. இத்தகைய நிலையிலுள்ள ஒருவரை நமது ஊர்களில் திண்ணையோரத்துக் கட்டிலிற் கிடத்தி, அவருடைய வாழ்வு முடிந்ததாகவே பேசத் தொடங்கிவிடுவோம். இயற்கை நிச்சயித்த முடிவென்று எண்ணுவோர்க்கு அது பொருந்தும். முதுமைப் பிணி எவருடைய தீர்ப்புமன்று, எவரும் கவனியாது விட்டதன் விளைவு என்று கண்டவருக்கு அது பொருந்தாது. கவனியாது விட்டதைக் கவனிப்பதே மருத்துவம் அன்றோ?

1971 இல் பணிப்பாளர் பதவியை விட்டார், ஆராய்ச்சியை விட்டாரல்லர். வேறொரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற் சிறு குழுவொன்றுடன் புற்றுநோய்க்கெதிரான நிர்ப்பீடனத்தை ஆராயத் தொடங்கினார். ஒரு கையாற் சுண்டெலியைப் பிடித்து ஊசியேற்ற இயலாது; ஆகவே உதவியாளர் கை அவர் கையாயிற்று. ஜீன் அம்மையார் அவருக்குக் கண்ணும் காலும் ஆனார். வண்டியோட்டினார், உடை உடுத்தினார், கடிதங்களுக்கு விடை எழுதினார், அவரோடு சேர்ந்து நூலும் எழுதினார். கணவனும் மனைவியும் இணைந்து எழுதிய உயிரியல் நூல்கள் இரண்டு 1977 இலும் 1983 இலும் வெளிவந்தன. இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரை கூறும் நூல் 1979 இல் வந்தது. நமது உயர்தர வகுப்பு விஞ்ஞான மாணவர் ஒருமுறையேனும் வாசிக்கவேண்டியது. 1981 இல் பிரித்தானியாவின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றாகிய ஓடர் ஒவ் மெறிற் அவருக்கு வழங்கப்பட்டது. இடையிடையே பாரிசவாதம் மீண்டும் மீண்டும் தாக்கியது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னரும் எஞ்சியது எதுவோ அதைக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். வீழ்ச்சிக்கு முன்னர் எழுதியதைவிட அதிக நூல்களை வீழ்ச்சிக்குப் பின்னர் எழுதினார் என்பது கணக்கிட்டறிந்த செய்தி.

1986 இல் தமது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதன் தலைப்பிலே தம்மைச் சிந்திக்கும் முள்ளங்கி என்று அழைத்துக்கொண்டார். தம் நோயைப் பற்றியும் அதில் எழுதினார். இரக்கத்தைக் கோரும் ஓரிடமும் அந்நூலில் இல்லை.

1987 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 2 ஆந் திகதி, தமது 72 ஆவது வயதில், லண்டனிலே காலமானார். சசெக்ஸ் மாவட்டத்து அல்பிறிஸ்ரன் என்னும் கிராமத்துத் தேவாலய வளவிலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஜீன் அம்மையார் அதன்பின் 18 ஆண்டுகள் வாழ்ந்து, 2005 இல் மறைந்து, அவரருகே வைக்கப்பட்டார்.